உமையாளுக்கு, பள்ளத்தூரிலிருந்து

பள்ளத்தூர்
4.5.2025

அன்புள்ள உமையா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேரன் அந்த வாக்கரை மோட்டார் வண்டியாக்கி வளவு முழுக்க ஓட்டுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இன்று அக்கினி நட்சத்திரம் தொடக்கம். பட்டாலைத் தரையில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் புகுந்து சத்தம் போடுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன்.

வருகிற 24-ஆம் தேதி தாய்லாந்து போகிறேன். பத்து மாதம். மேசோட் என்று ஓர் எல்லை ஊர். திருச்சியில் விமானம் ஏறி பாங்காக், அங்கிருந்து எட்டு மணி நேரம் பஸ். மோய் ஆற்றுக்கு இக்கரையில் மேசோட், அக்கரையில் பர்மாவின் மியாவடி. பிழைக்க வந்த பர்மாக்காரர்கள், சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், இவர்கள் பிள்ளைகளுக்கென்று அந்த மாகாணத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட சின்னப் பள்ளிகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். சம்பளம் கிடையாது. தங்க ஓர் அறையும் மதியச் சோறும் உண்டு, மற்றதெல்லாம் என் பென்ஷனில்.

மகளிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, “மியாவடியா? கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிப்போய் நம்ம பையன்களை அடைச்சு வெச்சாங்களே, அந்த ஊரா?” அந்த ஊரேதான். 2022-இல் தமிழ்நாட்டுப் பையன்கள் அங்கே மாட்டிக்கொண்டது பேப்பரில் வந்தது உனக்கும் நினைவிருக்கும். போன மார்ச்சில்கூட மோசடிக் கூடங்களிலிருந்து மீட்ட 549 இந்தியர்களை மேசோட்டிலிருந்துதான் விமானப்படை விமானங்களில் ஏற்றி வந்தார்கள். அதெல்லாம் அக்கரை, நான் இக்கரை, ஆற்றைத் தாண்டமாட்டேன் என்றேன். எழுதிக் கொடு என்றாள். எழுதிக் கொடுத்தேன். பத்திரம் மாதிரி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய இரண்டாவது கேள்விதான் உறைத்தது. “இங்கே பிள்ளைகளே இல்லையாம்மா?”

இருக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். என் வகுப்பில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது முகாம் பிள்ளைகள் இருப்பார்கள். ஒருத்தி ஏதோ விண்ணப்பத்தில் சொந்த ஊர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததே இங்கேதான். நான் என்ன எழுதச் சொன்னேன் என்பது மறந்துவிட்டது, அவள் பார்த்தது மறக்கவில்லை. மகளிடம், “முப்பத்து நாலு வருஷம் இங்கேதானே இருந்தேன்” என்றேன். அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரியும். அப்பாவைப் பெற்ற ஐயா பர்மாவுக்குப் போன திசையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசை இதில் பாதி. அதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

முதலில் இணையத்தில் பார்த்து வேறு ஒரு கம்பெனிக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். இரண்டு வாரம், அநாதைக் குழந்தைகளோடு விளையாடலாம், நடுவில் ஒரு நாள் யானைச் சவாரி, ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய். நான் என்ன படித்தேன், என்ன வேலை பார்த்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்டு நம்பரைக் கேட்டார்கள். எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். கம்போடியாவில் காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு மேல் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறவர்களாம். பார்க்க வருகிறவர்கள் பணம் கொடுக்கிறார்கள் என்பதால் காப்பகம் பெருகுகிறது. காப்பகத்தை நிரப்பப் பிள்ளை வேண்டியிருக்கிறது. ஏழை வீட்டில் போய், படிக்க வைக்கிறோம் என்று சொல்லிக் கூட்டி வருகிறார்கள். நம் பள்ளியில் வருஷ நடுவில் டீச்சர் மாறினாலே ஒரு மாதம் வகுப்பு குழம்பிப்போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு புது அத்தை வந்து மடியில் வைத்துக் கொஞ்சி, படம் எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்?

மேசோட் பள்ளிக்காரர்கள் இப்படி இல்லை. மூன்று முறை காணொளியில் பேசினார்கள். ஒரு கல்வியாண்டு முழுக்க இருக்க முடியாதென்றால் வரவே வேண்டாம் என்றார்கள். “வகுப்பில் பிள்ளை தூங்கினால் என்ன செய்வீர்கள்?” என்று ஒரு கேள்வி. தூங்கவிடுவேன் என்றேன். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். மக்காச்சோளக் காட்டுக்கும் தையல் ஆலைக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். விடியுமுன் எழுந்து, தம்பி தங்கைக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள்.

அங்கே வாத்தியார் இல்லை என்று நினைத்துவிடாதே. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, அவர்களுக்குக் கீழே வேலை பார்க்கமாட்டோம் என்று அரசுப் பள்ளிகளை விட்டு எல்லை தாண்டிய ஆசிரியர்கள் நிறையப் பேர். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். என்னை வரச் சொல்வது ஐம்பது பேர் வகுப்பை இரண்டாகப் பிரிக்கவும், பின்னத்தில் தடுக்கி நிற்கிற பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவும்தான். எடுபிடி டீச்சர் என்று வைத்துக்கொள்ளேன். ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதில் எல்லையோர முகாம்களில் மருத்துவமனைகளே மூடப்பட்டன. பள்ளிகளுக்கும் கை இறுகியிருக்கிறது. மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் இன்னும் பிள்ளைகள் வரக்கூடும் என்கிறார்கள்.

கையெழுத்துப் போட ஒரு விதித்தாள் அனுப்பினார்கள். பிள்ளையோடு கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது. முகம் தெரிகிற படம் எதையும் எங்கேயும் போடக் கூடாது. தங்குமிடத்துக்குக் கூட்டி வரக் கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் தின்பண்டமோ பரிசோ கொடுக்கக் கூடாது. எனக்குக் கோபம்தான் வந்தது. கன்னத்தைக் கிள்ளாமல், முதல் மார்க் எடுத்தவளுக்கு மிட்டாய் கொடுக்காமல் நீயும் நானும் ஒரு நாள் பாடம் நடத்தியிருக்கிறோமா? என்னையா சந்தேகப்படுகிறார்கள் என்று இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவில்லை. அப்புறம் யோசித்தால், எனக்கு முன்னால் எவனோ நடந்துகொண்ட லட்சணத்தில்தான் இப்படி எழுத வேண்டி வந்திருக்கும். என்னை அவர்களுக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்டேன். ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன், பள்ளிக்கூடம் முழுக்கக் கொடுத்தால் சீப்புச்சீடைக்குத் தடையில்லை.

சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுப்பதற்கும் அங்கே வேலை அனுமதி வேண்டும், தெரியுமா? சுற்றுலா வந்தவள் மாதிரி போய் வகுப்பில் நின்றால் சட்டப்படி தப்பு. பள்ளியை நடத்தும் அமைப்பு அழைப்புக் கடிதம் அனுப்பி, அதைக் காட்டி விசா வாங்கி, போனபின் அனுமதி. போலீஸ் சான்றிதழுக்காக மதுரைப் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய்வந்தேன். விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரன் என் பழைய மாணவன். திண்ணையில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று நின்றுகொண்டே, “டீச்சர், உங்க மேல ஏதும் வழக்கு இருக்கா?” என்றான். “ஒன்பதாவதில் உன்னை முட்டி போடவெச்சேனே, அதுக்கு நீ புகார் கொடுத்திருந்தா உண்டு” என்றேன்.

ஊசி போட்டுப் போட்டு இரண்டு கையும் வலிக்கிறது. டைபாய்டுக்கு, மஞ்சள்காமாலைக்கு, மூளைக்காய்ச்சலுக்கு, நாய்க்கடிக்கு முன்கூட்டியே. மலேரியாவுக்குக் கொசுவலைதான். அந்த எல்லைப்பக்கத்துக் கிருமி நல்ல மருந்துக்கே எளிதில் மசியாது என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். வாழ்வுச் சான்றை வெளிநாட்டிலிருந்து எப்படிக் கொடுப்பது என்று கருவூலத்திலும் கேட்டு வைத்துவிட்டேன்.

இந்தக் காகிதங்களை வைக்க இடம் தேடித்தான் ஐயாவின் பெட்டகத்தைத் திறந்தேன். ரங்கூன் முகல் தெருக் கடைப் பேரேடு ஒன்று, ஐயாவின் சம்பளச் சீட்டு, அடியில் ஒரு பத்திரக் கட்டு. ஜாங்கிரி பிழிந்தாற்போல் பர்மிய எழுத்து, கீழே கட்டைவிரல் ரேகை. ஓரத்தில் தமிழில் ஐயாவின் கையெழுத்து: மாங் இன்னான், இன்ன ஊர், நெல் வயல் இத்தனை ஏக்கர். ஒவ்வொன்றும் மாங் என்றே தொடங்குகிறது. மாங் என்றால் தம்பி என்று இப்போது பாஷை படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நமக்குச் சொன்ன கதை உனக்கும் தெரியும், உங்கள் வீட்டிலும் அதே கதைதான். வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனார், அடுத்தாளானார், ஏஜெண்டானார், தேக்கு கொண்டுவந்து வீடு கட்டினார். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. போட்டது போட்டபடி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். எல்லாம் உண்மை. ஐயாவின் பாதத்தில் இருந்த வெடிப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையில் மாங்குகள் வருவதில்லை. 1930-இல் நெல் விலை விழுந்தது. கொடுத்த கடனுக்கு ரொக்கம் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், ஏழெட்டு வருஷத்தில் 25 சதவீதம். நாம் ஆசைப்பட்டு வாங்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது சரிதான். வயலை விட்டவனுக்கு அதனால் என்ன? 1948-இல் பர்மா அரசாங்கம் சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டதை மட்டும் நாம் இன்றுவரை பேசுகிறோம்.

சித்தப்பா மகன், “ஐயா வாங்கின வட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போறியாக்கா?” என்று கேலி செய்தான். பத்து மாதம் பின்னம் சொல்லிக்கொடுத்தா அது அடையும்? மேசோட்டில் இருப்பவர்களில் நிறையப் பேர் கரேன் இன ஆட்கள். ஐயாவின் மாங்குகளுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் பத்திரக் கட்டை அப்படியே திரும்ப வைக்கவும் கை வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர் நல்ல விலை சொன்னார். கொடுக்கவில்லை. ஒரே ஒரு பத்திரத்தைப் பிரதி எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அங்கே யாராவது வாசித்துச் சொல்வார்கள்.

வீட்டைப் பூட்டுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. எட்டுப் புள்ளி, அதாவது எட்டுக் குடும்பம், சேர்ந்த வீட்டில் இப்போது அடுப்பு எரிவது என் ஒருத்திக்குத்தான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஐயா வரும்வரை அப்பத்தா இங்கேதான் இருந்தார். யாராவது கப்பலேறினால் சீடை சுட்டு டின்னில் அடைத்துக் கொடுத்தனுப்புவாராம். எதிர்வீட்டுப் பெரியாச்சியிடம் சாமி விளக்கேற்றச் சாவி கொடுக்கப் போனேன். அவருக்கு எண்பத்தெட்டு. கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம பக்கம் ஆம்பளைகதான் கொண்டுவிக்கப் போவாக. நீ என்னத்தடி ஆத்தா கொண்டு போறே?” என்றார். கணக்கு என்றேன். “அதுதானே அவுகளும் கொண்டு போனாக” என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு இருக்கமாட்டேன். பிள்ளையார் நோன்புக்கு நூலும் மாவும் எடுத்துப்போய் அங்கேயே இழை எடுத்துக்கொள்வேன். சாப்பாட்டுக்குப் பயமில்லை. பசையரிசிக்குப் பர்மியில் கௌஹ்னின் என்று பெயராம். நம் கவுனி அங்கேயிருந்து வந்ததுதான் என்று சொல்வார்களே, பெயரைக் கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. பாஷைதான் பயம். இதுவரை நாற்பது சொல் தெரியும். டீச்சருக்கு சயாமா. அப்படிக் கூப்பிட்டால்தான் எனக்குப் பழகும் என்று தலைமையாசிரியை ஒவ்வொரு அழைப்பிலும் சயாமா என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, ரத்த அழுத்த மாத்திரை பத்து மாதத்துக்கு எத்தனை என்று பெருக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை. அழகப்பாவில் பி.எட். படித்தபோது நீ செய்தாயே, பின்ன அட்டைகள், தோசையை வெட்டினாற்போல் வட்டம் வட்டமாக. பத்திரமாக வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதில் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்காது, எந்தப் பாஷைக்காரனும் பார்த்தால் புரியும். 15-ஆம் தேதிக்குள் கூரியரில் அனுப்பு. இருபது கிலோவில் பதினெட்டு ஆகிவிட்டது, மிச்சம் இரண்டை அதற்கென்று வைத்திருக்கிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல். மாடிப்படி ஏறாதே.

அன்புடன்
வள்ளி