பி.பி. மாத்திரை தரும் இடத்தில் இதையும் தரக்கூடாதா?

பெங்களூரின் ஐந்து மாநகராட்சிகளிலும் சுகாதாரத்தைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஒன்றாக இருந்த பெங்களூர் மாநகராட்சி (பிபிஎம்பி) 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்ததிலிருந்து, எதை யாரிடம் கேட்பது என்று எங்கள் ஸ்ரீராமபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் ஐந்து பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விஷயம் என் சித்தி சாப்பிடும் மாத்திரை. மனநோய்க்கு ராத்திரியில் ரிஸ்பெரிடோன் ஒன்று, அதனால் கை நடுங்காமல் இருக்க இன்னொன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சீட்டுப் பணம் கட்டி, எங்களையும் திட்டிக்கொண்டு நன்றாகவே இருப்பார். பத்து நாள் விட்டால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நடு ராத்திரியில் கதவைத் திறந்து தெருவில் போய் நிற்பார். போன வருஷம் வார்டு கிளினிக் ஒன்றில் பி.பி. மாத்திரையோடு இதையும் கேட்டோம். நர்ஸ் பி.பி.க்கு முப்பது எண்ணிக் கொடுத்துவிட்டு, "இது நிமான்ஸ் மாத்திரைம்மா, அங்கயே போய் வாங்கிக்குங்க" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் அந்த மனநல ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லித்தான் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்வார்கள், உங்களுக்குத் தெரியாததா? அதற்கப்புறம் சித்தி பி.பி. மாத்திரைக்குக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

நர்ஸைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 2017 மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் மனநோய் உள்ளவர்களுக்கு எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது, ஆனால் சமுதாய சுகாதார நிலையமும் அதற்கு மேலே உள்ளவையும்தான் அதில் வரும். வார்டு கிளினிக் அதற்குக் கீழே. சரி, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லையே?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் இந்த வைத்தியத்தை அவரே பார்த்துக்கொள்வார் என்று எண்பதுகளிலேயே பெல்லாரி மாவட்டத்தில் செய்து காட்டியது இதே நிமான்ஸ்தான். அதை வைத்துத்தான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. நிமான்ஸ் இருக்கும் ஓசூர் ரோட்டிலிருந்து பெல்லாரி வரை போன விஷயத்துக்கு ஸ்ரீராமபுரம் வர வழி தெரியவில்லை. மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, நிமான்ஸ் போய் டோக்கன் வாங்கி, சித்திக்கு மாதம் ஒரு நாள் கூலி போகிறது. இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் லீவு கேட்டதற்கு ஒரு வீட்டில் வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள்.

14416க்குப் போன் பண்ணச் சொல்வீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான அந்த டெலி மானஸ் நல்ல ஏற்பாடு, தமிழிலும் பேசலாம், ஆனால் போனில் மாத்திரை வராது.

என்ன நோய் என்று கண்டுபிடிப்பதும் மருந்தை மாற்றுவதும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே நடக்கட்டும். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து அடுத்த மாதத்துக்கு வார்டு கிளினிக் டாக்டர் கொடுக்கட்டும், சந்தேகம் வந்தால் அவர் அங்கே போன் போட்டுக் கேட்கட்டும். மாத்திரை வாங்க வராதவர் வீட்டுக்கு ஆஷா ஊழியர் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும், எங்கள் தெருவுக்குத் தமிழ் பேசுபவராக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், தனி கவுண்டர், தனி போர்டு எதுவும் வேண்டாம். பி.பி. மாத்திரை கொடுக்கும் அதே ஜன்னலில், அதே கவரில் போட்டுக் கொடுங்கள்.

சித்தியிடம் இன்னும் பதினோரு நாளைக்கு மாத்திரை இருக்கிறது.