கொக்கட்டிச்சோலைக்கு வருபவர்கள் திரும்பிப் போக ஒரு பஸ் வேண்டும்

மட்டக்களப்பில் பஸ் ஓட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையின் போக்குவரத்து நிலைமை உங்களுக்குப் புதிதல்ல. மகஜர் கொடுத்தோம், கூட்டங்களில் கதைத்தோம், "கவனத்தில் எடுக்கிறோம்" என்றீர்கள். அதனால் பழையதைக் கிளறாமல், போன வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட வவுனியாவிலிருந்து வயதான கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பின்னேரப் பூசை முடிந்து திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தால் பஸ் இல்லை. கடைசி பஸ் அன்றைக்கு வரவேயில்லை என்று கடைக்காரர் சொன்னார். இருட்டிவிட்டது. அம்மா வீதியோரத்தில் பையின் மேலேயே இருந்துவிட்டார். ஓட்டோக்காரர் சொன்ன கூலியைக் கேட்டு ஐயா மடியிலிருந்த காசை எடுத்து எண்ணினார், வைத்தார், மறுபடியும் எடுத்து எண்ணினார். அவர் யாரையும் ஏசவில்லை. "இஞ்ச படுக்க மடம் ஏதும் இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஊர்க்காரனாக அவருக்கு முகம் கொடுக்க முடியாமல் நின்றேன். கடைசியில் நெல் லொறிக்காரர் ஒருவர்தான் இரக்கப்பட்டு இருவரையும் கல்முனை வீதியில் இறக்கிவிட்டார்.

பின்னேரப் பூசை முடிந்தபின் மண்முனைப் பாலத்தால் போக ஒரு பஸ் வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

2014 இல் பாலம் திறக்கும்வரை வாவியைப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடந்தோம். கஷ்டம்தான், ஆனால் துறையில் நின்று கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். இப்போது நல்ல பாலம் இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கத்தான் ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் யானை எந்த நேரம் இறங்கும் என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். பஸ் வரும் நேரத்தை உங்கள் கந்தோரில் யாராவது சொல்வார்களா?

மேடை கிடைத்தால் சுற்றுலா என்கிறீர்கள், பாசிக்குடாவோடு கொக்கட்டிச்சோலையையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். பழைய தேசத்துக் கோயில் என்றும், குடிகளின் பரம்பரை உரிமை முறை மாறாமல் திருவிழா நடக்கும் இடம் என்றும் பெருமையாகப் பேசுகிறீர்கள். சரி, தேருக்கு விசேட பஸ்ஸும் விடுகிறீர்கள். வடம் பிடிக்கிற நாளில் மட்டும்தான் ஆட்கள் சாமி கும்பிடுவார்களா? போர்த்துக்கேயப் பறங்கியரின் கண்முன்னால் கல் நந்தி எழும்பிப் புல்லுத் தின்ற கோயில் இது. ஒரு பஸ் வருவது அதைவிடப் பெரிய அற்புதமாகிவிட்டது. வாகனம் உள்ளவனுக்குத்தான் ஈஸ்வரன் என்றால் அதையும் ஒரு பலகையில் எழுதி வைத்துவிடுங்கள்.

கோபத்தில் கூடக் கதைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாரதி, நடத்துனர் பற்றாக்குறை இருப்பது எங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் முடியாவிட்டால் வெள்ளி, திங்கள், பிரதோஷ நாட்களிலாவது பூசைக்குப் பின் அந்த ஒரு பஸ்ஸை ஓடவிடும்படி தயவாகக் கேட்கிறோம். நேரத்தைக் கோயிலடியிலும் கல்முனை வீதிச் சந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். சிங்களத்திலும் எழுதுங்கள், அந்தப் பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். ஒரு நாளைக்கு ஓடாது என்றால் மத்தியானமே சொல்லிவிடுங்கள். வந்தவர்களை நேரத்தோடு அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
படுவான்கரையான் ஒருவன்