ஈரல் பரிசோதனைக்கான எஸ்.ஜி.பி.டி. ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) கெட்ட நிலையில் வந்தது குறித்தும், உங்கள் விற்பனை அலுவலர் சொன்ன யோசனை குறித்தும் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், ரத்தப் பரிசோதனை நிலையம், ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

நாள்: ஜூன் 3

ஐயா,

வணக்கம். ஏற்காட்டில் எட்டு ஆண்டுகளாகச் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றை நடத்தி வருகிறேன். நானும் ஓர் உதவியாளரும் ரத்த மாதிரியை அளக்கும் ஒரு செமி ஆட்டோ அனலைசர் இயந்திரமும், அவ்வளவுதான். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்பவர்களே எங்களிடம் அதிகம் வருகிறார்கள். இங்கே பார்க்க முடியாதென்று நான் கைவிரித்தால், அவர்கள் ஒரு நாள் கூலியை இழந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும்.

எஸ்.ஜி.பி.டி. ரீஏஜென்ட் கிட்டுக்காக மார்ச் முதல் வாரம் உங்களிடம் கொடுத்த ஆர்டருக்கு, 'வரத்து இல்லை' என்ற பதிலே மே நடுப்பகுதி வரை வந்துகொண்டிருந்தது. தட்டுப்பாட்டுக்காக உங்களைக் குறை சொல்ல இக்கடிதம் எழுதவில்லை. அது யாருக்கும் வரக்கூடியது. இருந்த சரக்கை நாங்கள் எவ்வளவு கவனமாகப் பயன்படுத்தினோம் என்பதையும், அதன் பிறகு நீங்கள் அனுப்பியது எந்த நிலையில் வந்தது என்பதையும் சொல்லவே எழுதுகிறேன்.

எஸ்.ஜி.பி.டி.க்கு 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்டும் 100 மைக்ரோலிட்டர் சீரமும் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) எடுக்கச் சொல்கிறது உங்கள் கையேடு. எங்கள் இயந்திரத்தின் ஃப்ளோ செல்லுக்கு (கலவையை அளக்கும் சிறு அறைக்கு) அதில் பாதியே போதும் என்பதால், இரண்டையும் சம விகிதத்தில் குறைத்து 500-க்கு 50 என்று வைத்து, 20 மாதிரிகளை இரு முறையிலும் ஓட்டிப் பார்த்து, முடிவுகள் ஒத்துப்போன பிறகே நடைமுறைப்படுத்தினேன். சர்க்கரைப் பரிசோதனையில் இதைச் செய்யவில்லை. அங்கே சீரம் 10-லிருந்து 5 மைக்ரோலிட்டராகிவிடும், சீரத்தை உறிஞ்சும் குழாய் நுனியின் (டிப்பின்) வெளிப்புறத்தில் ஒட்டுகிற ஈரமே முடிவை மாற்றிவிடும். முதல், இரண்டாம் ரீஏஜென்டுகளைக் கலந்துவிட்டால் ஆயுள் குறைந்துவிடும் என்பதால், முழுப் பாட்டிலையும் கலக்காமல் அன்றன்றைக்கு வேண்டிய 4 மில்லியும் 1 மில்லியும் மட்டும் கலந்தோம். மிஞ்சியதை ஒருநாளும் பாட்டிலில் திரும்ப ஊற்றவில்லை. காலையில் எடுத்த ரத்தத்தை எல்லாம் சேர்த்து வைத்து ஒரே தடவையாக ஓட்டினோம். மின்சாரம் போகும் மழை நாட்களுக்கென ஃப்ரிட்ஜில் ஐஸ் பேக்குகளை வைத்து, தெர்மாமீட்டர் அளவை இருவேளையும் நோட்டில் எழுதினோம். ஐந்து வாரத்துக்கு வரும் என்று கணக்கிட்டிருந்த கிட் இப்படித்தான் ஒன்பது வாரம் வந்தது.

இதற்கிடையே மே 10 அன்று தொலைபேசியில் பேசிய உங்கள் விற்பனை அலுவலர், "கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து ஓட்டுங்க சார், கன்ட்ரோல் வந்தா போதும்" என்றார். கன்ட்ரோல் என்பது அளவு முன்பே தெரிந்த சோதனை மாதிரி. அளவைக் குறைப்பதும் நீர்க்க வைப்பதும் ஒன்றல்ல என்பதை உங்கள் நிறுவனத்தின் சார்பில் பேசுபவர் அறிந்திருக்க வேண்டாமா? இந்தப் பரிசோதனையில் நாம் அளப்பது ரீஏஜென்டில் உள்ள என்.ஏ.டி.எச். என்ற வேதிப்பொருள் குறையும் வேகத்தை. ரீஏஜென்டில் அது போதிய அளவு இல்லையென்றால், நலமாக இருப்பவரின் ரத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ஈரல் வீங்கிக் கிடப்பவரின் ரத்தத்தில்தான், இயந்திரம் படிக்கத் தொடங்கும் முன்பே அது தீர்ந்துபோய், முடிவு பொய்யாகக் குறைந்து காட்டும். அவர் யோசனையை நான் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பெட்டி அதே வேலையைச் செய்துவிட்டது.

அந்தப் பெட்டி ஒரு சனிக்கிழமை மதியம் சேலம் கூரியர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. எங்களுக்குத் தகவல் இல்லை. மே மாத வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் திங்கள்கிழமை வரை கிடந்ததை என் உதவியாளர் போய் எடுத்து வந்தார். தெர்மாகோல் மூடியைத் திறந்தபோது ஐஸ் பேக்குகள் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பைகளாக இருந்தன. லேபிள் ஈரத்தில் ஊறிக் கையோடு உரிந்து வந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய பொருள் அது. எக்ஸ்பயரிக்கு மீதமிருந்ததோ ஆறு வாரம். 340 நானோமீட்டரில் பிளாங்க் (சீரம் சேர்க்காத ரீஏஜென்ட் ஒளியை உறிஞ்சும் அளவு; என்.ஏ.டி.எச். சிதைந்தால் இது குறையும்) பார்த்தேன். பழைய கிட்டில் 1.45 காட்டியது இதில் 1.04. உங்கள் கையேடு 1.0-க்குக் கீழே போனால்தான் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சாதாரண அளவு கன்ட்ரோலும் சரியாகவே வந்தது. வேறு வழியின்றி ஓட்டத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள், கண்கள் மஞ்சள் பூத்து வந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எஸ்.ஜி.பி.டி. 38 என்று, நலமானவருக்கு வருவதுபோல் வந்தது. எங்கள் பழைய இயந்திரம் எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. என்.ஏ.டி.எச். தீர்ந்துவிடாதபடி சீரத்தைச் சலைனில் (உப்பு நீரில்) பத்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடி ஓட்டினேன். 112 வந்தது, பத்தால் பெருக்கினால் 1120. உடனே சேலத்துக்கு அனுப்பினோம். கண் மஞ்சளாகாத நிலையில் அவர் வந்திருந்தால், 38 என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இதில் என் தவறும் உண்டு. எஸ்.ஜி.பி.டி. அதிகமாக உள்ள கன்ட்ரோலும் கையிருப்பில் குறைந்ததால், அதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டிக்கொண்டிருந்தேன். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அதுதான்; இப்போது தினமும் ஓட்டுகிறேன். அந்தக் கிட்டில் ஏற்கெனவே பார்த்த 23 பேரையும் மீண்டும் வரவழைத்து, சேலத்தில் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கிய ரீஏஜென்டில் இலவசமாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஆகவே அந்தக் கிட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, குறைந்தது ஆறு மாத எக்ஸ்பயரி உள்ள வேறு லாட்டை (தயாரிப்புத் தொகுதியை), வெப்பநிலை காட்டும் அட்டையுடன், வேலை நாளில் சேலம் வந்து சேரும்படி அனுப்ப வேண்டுகிறேன். அனுப்பும் அன்றே எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதே லாட் வேறு எந்தெந்த ஆய்வகங்களுக்குப் போனது என்று பார்த்து அவர்களுக்கும் தகவல் தர வேண்டும். எனக்கு இதுவே முதன்மையான கோரிக்கை. எவ்வளவு குறைந்த அளவில் உங்கள் ரீஏஜென்டை ஓட்டலாம் என்பதை நீங்களே சோதித்து எழுத்தில் கொடுத்தால், தண்ணீர் சேர்க்கச் சொல்லும் யோசனைகளுக்கு வேலை இருக்காது. பிளாங்க் அளவுகள், கன்ட்ரோல் பதிவேட்டின் நகல், பெட்டியைத் திறந்தபோது எடுத்த படங்கள், கூரியர் ரசீது ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வரவில்லையெனில், சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். கெட்டுப்போன பாட்டில்கள் தனியே குறியிடப்பட்டு எங்கள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. உங்கள் ஆள் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
ரத்தப் பரிசோதனை நிலையம், ஏற்காடு.