வாசலில் கேட்கும் கேள்வியை உள்ளே வந்து கேளுங்கள்

தாராவியில் பிள்ளைகளைத் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது புதிதாகச் சேர்ந்த டீச்சர் நான். நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வளர்ந்தது ஆன்டாப் ஹில்லில் என்பதால் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனாலும் வகுப்பறையில் நின்று பார்த்தபோது தெரிந்தவை வேறு. அவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும், ஒன்று கேட்கவும் வேண்டும்.

மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது. எங்கள் கட்டடத்தில் ஒரு மாடியில் மராத்தி, இன்னொன்றில் உருது, அதற்கு மேலே நாம். நம் பிள்ளைகள் படிக்கட்டில் இந்தியில் சண்டை போடுகிறார்கள், மராத்தி டீச்சரிடம் மராத்தியில் பதில் சொல்கிறார்கள், வகுப்புக்குள் வந்ததும் "எய்யா, தள்ளி உக்காரு" என்று திருநெல்வேலித் தமிழில் பேசுகிறார்கள். ஒன்பது வயதில் இது சாதாரணத் திறமை இல்லை. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் அம்மா விடியுமுன் இட்லி அவித்து வியாபாரத்துக்கு அனுப்புகிறவர். தட்டு 30 ரூபாய் என்றால் 7 தட்டுக்கு 210, ஐந்நூறு கொடுத்தால் மீதி 290 என்று பென்சிலைத் தொடாமலே சொல்லிவிடுவாள். அதே கணக்கு புத்தகத்தில் நான்கு வரியாக வந்தால் திணறுகிறாள். அவளுக்குக் கணக்கு வருகிறது, வாசிப்புதான் வரவில்லை. இவளைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, ரயிலில் டிக்கெட் கிடைத்துத் திரும்புவதற்குள் ஜூலை பிறந்துவிடுகிறது. எழுத்தைத் திரும்ப ஊன்றச் சொல்லிக்கொடுப்பது அதற்கு முந்தைய ஜூன் வாரங்களில்தான். கொடைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விட்டுப்போனதைப் பிடிக்கத் தனியாக நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நீங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "டீச்சர், எட்டாவதுக்கு அப்புறம் தமிழ்ல எங்க படிக்கிறது? இப்பவே இங்கிலீஷ் மீடியத்துல போட்டுரலாமா?" இந்தப் பயம் நியாயமானது. கல்வி உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை உறுதி செய்வது 14 வயது வரைக்கும்தான். ஆனால் தமிழிலேயே வாசிக்கத் திணறும் பிள்ளையை அவசரமாக வேறு மீடியத்தில் போட்டால், அது இரண்டிலும் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடும். முதலில் வாசிப்பு ஊன்றட்டும். எட்டாவதுக்குப் பிறகு என்ன என்பதை வாசலில் நின்று என்னால் தீர்க்க முடியாது. அதைக் கேட்பதற்கு உங்களுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் அதே சட்டம், 21ஆம் பிரிவில், பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. இங்கே ஷாலா வ்யவஸ்தாபன் சமிதி என்பார்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. அதாவது உங்கள் வேலை. நான் பார்த்த கூட்டத்தில் பெற்றோர் நாற்காலிகள் பெரும்பாலும் காலி. உங்களைக் குறை சொல்லவில்லை. வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால், தோல் பட்டறையில் இருப்பவரும் மாட்டுங்காவில் வீட்டுவேலை செய்கிறவரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்?

தலைமை ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். பெற்றோர்கள் எழுதிக் கேட்டால் சனிக்கிழமை சாயங்காலம் வைக்கலாம் என்றார். அதனால் ஒரு தாளில் எழுதி, நாலைந்து பேராவது கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுத வராதவர்கள் என்னிடம் வாருங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். கூட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: ஊரிலிருந்து தாமதமாகத் திரும்பும் பிள்ளைகளுக்குத் தினமும் தனி வாசிப்பு நேரம், அப்புறம் எட்டாவதுக்கு மேல் நம் பிள்ளைகளுக்கு வழி என்ன என்பதற்கு எழுத்தில் பதில். பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் நான்காம் வகுப்பு டீச்சர்