யாழினி எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்

அன்புள்ள முரளி,

முதலில் முழங்கால் எப்படி இருக்கிறது, அதைச் சொல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை போய் வருகிறாய் என்று படித்ததில் பெரிய நிம்மதி. மாடிப்படியில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அடுத்த வருடம் வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை விவரமாக அப்புறம் எழுதுகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தின் கடைசி நாலு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் கவனம் நிற்கவில்லை.

உன் மகள் யாழினி அமெரிக்க ராக் பேண்டான கிரேட்ஃபுல் டெட்டைக் கேட்கிறாளாமே! அதுவும் நீ சொல்லிக்கொடுக்காமல், அவளாகவே கண்டுபிடித்து! படித்ததும் எழுந்து போய் சாந்தியிடம் சொல்லிவிட்டு வந்துதான் மீதிக் கடிதத்தைப் படித்தேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளின் பதிவுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறாள், மாமாவைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். சரி, மாமா சொல்கிறேன். நீயும் கூட உட்கார்ந்து கேள்.

அவளிடம் முதலில் சொல்ல வேண்டியது: 'டாப் டென்' பட்டியல்களைப் பக்கத்தில் வை. பாட்டுப் பாட்டாகப் பொறுக்கிக் கேட்டால் இந்த பேண்ட் பிடிபடவே பிடிபடாது. ஒரு ராத்திரி, ஒரு கச்சேரி, ஆரம்பத்தில் கிதாருக்குச் சுருதி கூட்டுவதிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் எதையும் தாண்டாமல் கேட்க வேண்டும். இவர்களுடைய மேதைமை பாட்டுக்குள் இருப்பதைவிட ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குப் போகிற வழியில்தான் அதிகம் இருக்கிறது. என்ன வாசிக்கப் போகிறோம் என்று பெரும்பாலும் பட்டியல் போட்டுக்கொள்ளாமல் மேடையேறியவர்கள். ஜெர்ரி கார்சியா கிதாரில் ஒரு சின்ன வளைவு கொடுப்பார், ஃபில் லெஷ் பேஸில் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் இழுப்பார், பாப் வியர் இன்னொரு கிதாரில் நடுவில் வினோதமான ஒரு சுரக்கூட்டை நுழைப்பார், அடுத்த பாட்டு வந்துவிட்டதா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாத அந்த ரெண்டு நிமிஷம் இருக்கிறதே, அதைத் துண்டாக்கி எடுத்து வைத்தால் ஒன்றுமே இல்லை.

எல்லோரும் கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியைச் சொல்வார்கள். 1977 மே 8, இத்தாக்காவில் பார்ட்டன் ஹால். நானும் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மே மாதத்தில், அன்னையர் தினத்தன்று, வெளியே பனி பெய்த ராத்திரி அது. இரண்டாவது செட், அதாவது இடைவேளைக்குப் பிந்திய பாதி, ஆரம்பிக்கும்போது முன்வரிசையில் நசுங்குகிறார்கள் என்று கூட்டத்தை ஒரு அடி பின்னால் போகச் சொல்லி ஒரு விளையாட்டுப் போலவே கெஞ்சுவார்கள், அப்புறம் ஸ்கார்லெட் பிகோனியாஸ் தொடங்கும், அது எப்போது ஃபயர் ஆன் த மவுண்டன் ஆனது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கும் மேல். அந்த இரண்டு பாட்டையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தே அப்போது ரெண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை! கடைசியில் வரும் மார்னிங் டியூவில் கார்சியா கம்பிகளை அப்படியே வீசி வீசி மீட்டி உச்சிக்குக் கொண்டுபோவதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் அந்தப் பதிவு பிழைத்த கதையையும் அவளுக்குச் சொல். பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். மேடை மைக்குகளின் ஒலியெல்லாம் வந்து சேரும் சவுண்ட்போர்டிலிருந்து நேராக ரீல் டேப்பில், ஒவ்வொரு வாத்தியமும் தனியாக மூச்சு விடுகிற மாதிரி எடுத்திருப்பார். அவருடைய டேப்புகள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்து, வாடகை கட்டாமல் போய், 1986-ல் ஏலத்துக்கு வந்துவிட்டன. ஏலத்தில் எடுத்தவர்கள் மூலம் பிரதிகள் மெல்ல மெல்லப் பரவின. நமக்கு அந்த டேப் கிடைத்தது அந்த அலையில்தான். அப்புறம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அது இடம்பிடித்தது, 2017-ல் முறையாக ஆல்பமாகவும் வந்தது. யாரோ ஒருத்தர் குப்பை என்று தூக்கிப் போட்டிருந்தால் போயே போயிருக்கும்.

இருந்தாலும் யாழினி அங்கே தொடங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கார்னெல் ரொம்ப மெருகேறியது. முதலில் அதைக் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் கரடுமுரடாகத் தோன்றும், அந்தக் கரடுமுரடில்தான் விஷயமே இருக்கிறது. நான் அவளை 1972 ஆகஸ்ட் 27-க்கு அனுப்புவேன். ஆரிகன் மாநிலத்தில் வெனீட்டா. ஒரு பால் பண்ணைக்கு, எழுத்தாளர் கென் கீஸியின் தம்பி குடும்பம் நடத்திய ஸ்பிரிங்ஃபீல்டு க்ரீமரிக்கு, நிதி திரட்டுவதற்காகத் திறந்த வெளியில் வாசித்தது. கொளுத்தும் வெயில். வெயிலில் கம்பிகள் இளகிச் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும், அவர்களும் சலிக்காமல் கூட்டிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு டிரம்மர் மிக்கி ஹார்ட் அப்போது பேண்டில் இல்லை, பில் க்ரூட்ஸ்மன் ஒருவர் மட்டும்தான் டிரம்ஸ், அதனால் திருப்பங்கள் எல்லாம் அவ்வளவு லாவகம். கீத் காட்ஷாவின் பியானோ வேறு. அரை மணி நேரம் ஓடும் டார்க் ஸ்டார் எங்கெங்கோ போய், இரைச்சலாக உடைந்து, இனி இதிலிருந்து மீள வழியே இல்லை என்று தோன்றும்போது, வியர் சட்டென்று எல் பாஸோ என்ற கவ்பாய் பாட்டுக்குள் நடந்துபோய்விடுவார். முதல் தடவை கேட்டபோது நீ எழுந்து நின்று கை தட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? 2013-ல் சன்ஷைன் டேட்ரீம் என்ற பெயரில் படத்தோடு சேர்த்து வெளியிட்டார்கள், ஆனால் அவள் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

அது பிடித்துவிட்டால் 1974. சவுண்டு சிஸ்டத்தின் வரலாற்றிலேயே அப்படி ஒரு கிறுக்குத்தனம் நடந்ததில்லை. அவர்களுடைய சவுண்டு இன்ஜினியர் அவுஸ்லி ஸ்டான்லியும் அவர் கூட்டமும் சேர்ந்து கட்டிய 'வால் ஆஃப் சவுண்டு', சுமார் 600 ஸ்பீக்கர்கள், 75 டன், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு. ஸ்பீக்கர்கள் பேண்டுக்குப் பின்னாலேயே நின்றன, அதாவது ஜனங்கள் கேட்பதையேதான் வாசிப்பவர்களும் கேட்டார்கள். அப்படி வைத்தால் மைக் ஊளையிட வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு பாடகருக்கும் ரெண்டு ரெண்டு மைக் வைத்து, ஒன்றை எதிர்த் திசையில் இணைத்து, ஒன்றில் மட்டும் பாடச் செய்தார்கள். இரண்டுக்கும் பொதுவாக விழுகிற சத்தம் தானாக அடிபட்டுப் போகும், பாட்டு மட்டும் மிஞ்சும். தூக்கிச் சுமந்து ஊர் ஊராகக் கட்டிப் பிரிப்பதற்குள் கட்டுப்படியாகாமல் அந்த வருடமே முடித்துக்கொண்டார்கள். அந்த வருடத்துப் பதிவுகளில் ஃபில்லின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து போகச் சொல். ட்ரம்பெட் வாசித்து, நவீன இசையமைப்பு படித்துவிட்டு, பேண்டில் சேர்ந்த பிறகுதான் பேஸ் கற்ற மனிதர், அதனால்தான் தாளத்துக்கு முட்டுக்கொடுக்காமல் அவர் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு பாடிக்கொண்டே போவார். 2024 அக்டோபரில் அவர் போன செய்தி வந்த அன்றைக்கு நான் கேட்டதும் 74-தான்.

அதே வருடம் டிசம்பரில் தபலா மேதை ஜாகிர் உசேனும் போய்விட்டார். அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவள் மிருதங்கம் கற்றவனின் மகள், இந்தப் பக்கத்துச் சரடு அவளுக்குத் தெரிய வேண்டும். மிக்கி ஹார்ட் 60களிலேயே ஜாகிரின் அப்பா அல்லா ரக்காவிடம் போய்த் தாளக்கணக்கு கேட்டவர், தி லெவன் என்று 11 எண்ணிக்கையில் அவர்கள் வாசித்தது சும்மா வந்ததில்லை. 1976-ல் ஜாகிரோடு சேர்ந்து டிகா ரிதம் பேண்ட், அப்புறம் 1991-ல் பிளானட் டிரம், அதில் நம் விக்கு விநாயக்ராமின் கடம்! உலக இசைக்கென்று முதல் தடவையாகக் கொடுத்த கிராமி விருது அதற்குத்தான் போனது. எஸ்டிமேட்டட் ப்ராஃபெட் ஏழு எண்ணிக்கையில் வரும்போதெல்லாம் நீ தொடையில் தட்டிக் கணக்குப் போட்டு, "மிஸ்ர சாபுடா இது" என்று ரூமில் இருந்தவர்களையெல்லாம் எழுப்பிக் காட்டியதை அவளுக்குச் சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருக்கமாட்டாய்.

நாம் போன பஃபலோ கச்சேரியைப் பற்றியும் சொல்லியிருக்கமாட்டாய். 1989 ஜூலை 4. தபாலில் டிக்கெட் கேட்ட விதத்தைச் சொன்னாலே இன்றைய பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்: மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் விவரம் எழுதி, தபால் மணியார்டர் எடுத்து, ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவரும் வைத்து, கலிபோர்னியாவில் பேண்டின் சொந்த டிக்கெட் ஆபீஸுக்கே அனுப்ப வேண்டும். ஊரெல்லாம் கவர்மேல் பேண்டின் சின்னமான மண்டை ஓடும் ரோஜாவும் வரைந்து அனுப்பினார்கள். நீ சிவப்பு இங்கில் கவரைச் சுற்றிச் சிக்குக் கோலம் போட்டாய், புள்ளி பிசகிவிட்டது என்று ஒரு கவரைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டாய். ஸ்டேடியத்தில் பெர்த்தாவோடு ஆரம்பித்தார்கள், சுதந்திர தினம் என்பதால் கடைசியில் யு.எஸ். ப்ளூஸ். ஆனால் எனக்குக் கண்ணில் நிற்பது சவுண்ட்போர்டுக்குப் பின்னால் கச்சேரியை டேப்பில் பதிவெடுக்கும் ரசிகர்களுக்கென்று விட்டிருந்த இடம்தான். 1984 அக்டோபரிலிருந்து அதற்கென்றே தனி டிக்கெட் கொடுத்தார்கள் இல்லையா. நெடுநெடுவென்று மைக் கம்பங்கள், கீழே அவரவர் சோனி டெக், அதைச் சுற்றி யாரும் பேசவே மாட்டார்கள். ஒரு பக்கம் 45 நிமிடம்தான், எங்கே திருப்புவது என்று டேப்பையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பாட்டு முடிந்து சுருதி கூட்டுகிற இடைவெளியில் டக்கென்று திருப்பிப் போடுவார்கள். நீ விசில் அடிக்கக் கையை வாய்க்குக் கொண்டுபோனபோது தாடிக்காரர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் மேலே மைக்கைக் காட்டினாரே, அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த டேப் பிற்பாடு நம் கைக்கு வந்தது. வெற்று மேக்ஸெல் கேசட்டும் திரும்பி வரத் தபால் செலவும் அனுப்பினோம், முன்பின் தெரியாத ஒருவர் பதிவு செய்து, அட்டையில் பொடிப்பொடி எழுத்தில் பாட்டு வரிசை எழுதி அனுப்பினார். காசு வாங்கக் கூடாது, அதுதான் ஒரே சட்டம். இந்த பேண்ட் இன்றைக்கும் யாழினி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்தச் சட்டம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்ற பேண்டுகள் டெக்கைப் பிடுங்கியபோது இவர்கள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதனால் அவள் சவுண்ட்போர்டுப் பதிவுகளோடு நின்றுவிடக் கூடாது, ஜனங்கள் நடுவிலிருந்து எடுத்ததையும் கேட்க வேண்டும். இதில் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், உனக்கு இரைச்சல் ஆகாது. ஆனால் முரளி, ராக ஆலாபனையில் வித்வான் ஒரு பிடி பிடித்ததும் சபையில் எழும் அந்த "ஆஹா" இல்லாமல் ரேடியோ ஸ்டேஷன் ஸ்டுடியோவில் எடுத்ததைக் கேட்டால் எப்படி இருக்கும்? மார்னிங் டியூவின் முதல் சுரம் விழுந்ததும் அத்தனை ஆயிரம் பேர் ஒரே மூச்சில் எழுப்பும் சத்தம் சவுண்ட்போர்டில் வரவே வராது.

1990 மார்ச் 29-ஐயும் குறித்துக் கொடு. நியூயார்க்கில் நாஸாவ் கொலீசியம், பிரான்ஃபர்டு மார்சாலிஸ் சாக்ஸபோனோடு வந்தார். முதல் செட்டில் பேர்டு சாங் மட்டும் கூட வாசித்தார், கேட்டுவிட்டு விடாமல் இரண்டாவது செட்டுக்கும் அழைத்துக்கொண்டார்கள். ஐஸ் ஆஃப் த வேர்ல்டில் அவரும் கார்சியாவும் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைப்பதைக் கேட்கட்டும். ப்ரென்ட் மிட்லண்ட் கீபோர்டில். நாலு மாதத்தில், 1990 ஜூலையில், அவர் இறந்துபோனார் என்பதை அப்புறம் சொன்னால் போதும். கடைசி வருடங்களுக்கு அவள் இப்போதைக்குப் போக வேண்டாம். 1995 ஜூலை 9, சிகாகோவில் ஃபில் பாக்ஸ் ஆஃப் ரெய்ன் பாடி முடித்ததோடு எல்லாம் முடிந்தது, ஒரு மாதத்தில் கார்சியா இல்லை, 53 வயது. அதை நான் இன்னும் முழுசாகக் கேட்டதில்லை.

ஸ்டுடியோ ஆல்பம் எதாவது வேண்டும் என்றால் 1970-ல் வந்த வொர்க்கிங்மேன்ஸ் டெட், அமெரிக்கன் பியூட்டி, அவ்வளவுதான்.

வெனீட்டாவை முழுக்கக் கேட்டுவிட்டு அவளே எனக்கு நேராக எழுதட்டும், டார்க் ஸ்டாரில் எந்த இடத்தில் வழி தவறியது போல் இருந்தது என்று நிமிஷம் குறித்து எழுதச் சொல், நானும் என்னுடையதைக் குறித்து வைக்கிறேன். நீ பரணில் போட்டு வைத்திருக்கும் கேசட்டுகளில் அட்டை எழுத்து அழிவதற்குள் தேதிகளை மட்டும் ஒரு பட்டியல் எடுத்து அனுப்பு. மாடிப்படி ஏறி நீ எடுக்காதே, அவளை எடுக்கச் சொல்.

அன்புடன்,
சேகர்