படத்தின் ஜாதகத்தைக் கிழித்துப் போடாதீர்கள்

தமிழ்ச் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் இணையச் செய்தி அறைகளிலும் படம் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் எங்கள் ஊர் ஏரி செய்தியில் வந்தது. இடப்பக்கம் தளும்பி நிற்கும் ஏரி, வலப்பக்கம் பழுப்பேறிய தரை, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. மேலே 'காணாமல் போன ஏரி' என்று கொட்டை எழுத்து. இரண்டும் செயற்கைக்கோள் படங்கள். என்று எடுத்தது, எந்தச் செயற்கைக்கோள் எடுத்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் வரைபட வேலை செய்து பிழைக்கிறவன். தேடிப் பார்த்தேன். ஒன்று டிசம்பரில் எடுத்தது, மற்றது அதற்கடுத்த மே மாதத்தில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு ஒன்று, அக்னி நட்சத்திரத்தில் ஒன்று. மழையை நம்பியிருக்கும் எந்த ஏரியை அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் 'காணாமல்' போய்விடும். இதில் வேதனை என்னவென்றால், எங்கள் ஏரியில் ஆக்கிரமிப்பு உண்மையிலேயே இருக்கிறது, உபரிநீர் வழிந்தோடும் கலங்கல் பக்கம். ஊர்க்காரர்கள் உங்கள் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு குறைதீர்ப்பு நாளுக்குப் போனார்கள். "இது கோடையில் எடுத்த படம், மழை பெய்தால் நிரம்பிவிடும்" என்று அங்கிருந்த அதிகாரி மனுவை ஓரமாக வைத்துவிட்டார். அந்த அதிகாரி படத்தைப் பற்றிச் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

செயற்கைக்கோள் படம் எதுவும் தனியாக வருவதில்லை. கூடவே ஒரு குறிப்புக் கோப்பு வரும். மெட்டாடேட்டா என்கிறோம், என் வழக்கில் அது படத்தின் ஜாதகம். பிறந்த தேதி, நேரம், இடம், சூரியன் நின்ற நிலை, எல்லாம் அதில் உண்டு. (சூரியனை விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை. அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் எடுக்கும் படத்தின் குறிப்பில் சூரியன் எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் நின்றது என்று நிஜமாகவே எழுதியிருக்கும்.) கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்கிற ஊரில், ஓர் ஏரியைச் செத்துவிட்டது என்று அறிவிக்கும் முன் அதைப் புரட்டிப் பார்க்கக் கூடாதா?

ஒழுங்காகச் செய்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். 2019-ல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, நாசாவின் எர்த் அப்சர்வேட்டரி தளம் புழல் ஏரியின் இரண்டு படங்களை வெளியிட்டது. ஒன்று 2018 மே 31, மற்றது 2019 ஜூன் 19. இரண்டும் லேண்ட்சாட் 8 எடுத்தவை. இடையிலுள்ள நாட்களை எண்ணினால் 384. லேண்ட்சாட் 8 ஒரே பாதைக்கு 16 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். பதினாறை இருபத்து நான்கால் பெருக்கினால் சரியாக 384. அதே பாதை, அதே காலை நேரம், கிட்டத்தட்ட அதே பருவம். அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே மாறியது தண்ணீர்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். தேதியை அவர்கள் மறைக்காததால்தான் என்னால் இப்படி விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்க முடிந்தது.

பாதி ஜாதகம் கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. லேண்ட்சாட் கோப்புப் பெயரில் 142051 என்று வந்தால் பாதை 142, வரிசை 51. சென்னை அதற்குள் வரும். அதையடுத்து இரண்டு தேதிகள் வரும். முதல் தேதி படம் எடுத்த நாள். இரண்டாவது, தரைநிலையத்தில் அதைப் பதப்படுத்திய நாள். பழைய படங்களை அவ்வப்போது மறுபடி பதப்படுத்துவார்கள், அதனால் 2018-ல் எடுத்த படத்தின் பெயரில் 2020 என்றும் இருக்கும். ஐரோப்பியர்களின் சென்டினல் 2 படங்களிலும் இதே கதைதான். பெயரின் கடைசியில் இருப்பது படம் எடுத்த நாள் என்று எண்ணி ஏமாறுகிறார்கள். கணினியில் இறக்கியதும் கோப்புக்கு 'ஏரி புதுசு 2 ஃபைனல்' என்று பெயர் மாற்றும் பழக்கம் உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். ஜாதகம் கிழிவது அங்கேதான் தொடங்குகிறது.

நேரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. குறிப்பில் உள்ளது உலகப் பொது நேரம். நம் பக்கத்து லேண்ட்சாட் படத்தில் 5 மணி சுமாருக்கு என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அது காலை பத்தரை. 'விடியற்காலையில் எடுத்த படம்' என்று ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். அதே கோப்பில் சூரியனின் உயரம் அறுபது டிகிரிக்கு மேல் என்று இருந்தது. விடியற்காலையில் எந்த ஊரில் சூரியன் உச்சிக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது?

புயல் காலத்தில் மட்டும் உங்களைக் குறை சொல்ல முடியாது. வானிலைத் துறையின் இன்சாட் படத்தில் தேதியும் நேரமும் மேலேயே பொறித்திருக்கும், அதை நீங்கள் வெட்டுவதில்லை. எங்கள் தெரு டீக்கடையில்கூட "இது மத்தியானப் படம், இப்போ இன்னும் கரைக்குக் கிட்ட வந்திருக்கும்" என்று பேசிக்கொள்கிறார்கள். மக்களுக்குப் புரியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு குளறுபடி, கூகுள் எர்த் திரையின் அடியில் வரும் வருடம். பதிப்புரிமைக் குறியோடு, படம் தந்த நிறுவனத்தின் பெயரோடு நிற்கும் அந்த வருடம் படம் எடுத்த வருடம் அல்ல. எடுத்த தேதி தனியாக வரும். தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரிவதோ பல நாட்களின் படங்களை ஒட்டுப்போட்டுச் செய்த போர்வை. அதற்கு ஒற்றைத் தேதியே கிடையாது.

மேகம் எத்தனை சதவீதம் என்றும் குறிப்பில் இருக்கும். அது முழுப் படத்துக்குமான கணக்கு; ஒரு லேண்ட்சாட் படம் 185 கிலோமீட்டர் அகலம். 5 சதவீதம்தான் மேகம் என்று சந்தோஷப்பட்டுத் திறந்தால், அந்த ஐந்தும் உங்கள் ஏரியின் மேல் உட்கார்ந்திருக்கும். 60 சதவீதம் என்று ஒதுக்கிய படத்தில் ஏரி பளிச்சென்று தெரியும். திறந்து பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

துல்லியம் பற்றிச் சுருக்கமாக. சென்டினல் 2-ன் மிக நுணுக்கமான பட்டைகளில் (ஒவ்வொரு வகை ஒளியையும் தனித்தனியாகப் பதியும் அடுக்குகளைப் பட்டை என்கிறோம்) ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சல் என்றால் 22 சென்ட். அரை கிரவுண்டு ஆக்கிரமிப்பை அதில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினால் என்ன சொல்வது?

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. தீபாவளி தவறாமல் வருவதுபோல, 'தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம்' என்று கலர்கலராக ஒன்று வருடா வருடம் வருகிறது. அது அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003-ல் உருவாக்கியது. மக்கள்தொகை பெருகியதைக் காட்டுவதற்காகப் பல வருடங்களின் இரவுப் படங்களைச் சேர்த்து, 1992-க்கு முன்பே தெரிந்த விளக்குகளுக்கு வெள்ளை, 1992-ல் தெரிந்தவற்றுக்கு நீலம், 1998-க்குப் பச்சை, 2003-க்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்தார்கள். அந்த நிற விளக்கம் உதிர்ந்த நாளில் அது மத்தாப்பு ஆகிவிட்டது. பின்பு 2012 தீபாவளியையொட்டி நாசா உண்மையான இரவுப் படம் ஒன்றை வெளியிட்டு, பண்டிகை வெளிச்சம் விண்வெளியிலிருந்து தனியாகத் தெரிகிற அளவுக்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தது. வதந்திக்கு எங்கே காது? அதேபோல, அகச்சிவப்புப் பட்டையைச் சேர்த்த படத்தில் செடிகொடி சிவப்பாகத் தெரியும். எந்தப் பட்டைகளைச் சேர்த்தது என்று பார்க்காவிட்டால், செழித்த தோப்பு எரிகிற காடாகிவிடும்.

சரி, உங்களில் சிலர் இப்போது சொந்தமாகவே 'பசுமை குறைந்தது' வரைபடம் போடுகிறீர்கள். வரவேற்கிறேன், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. சென்டினல் 2 படங்களில் 2022 ஜனவரி 25 முதல் பதப்படுத்தும் முறை மாறியது. கோப்புப் பெயரில் N0400 என்று வரும் இடம்தான் அடையாளம். அதற்கு மேற்பட்ட எண்களுக்கும் இது பொருந்தும். அவற்றில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டியிருக்கும், பயன்படுத்துபவர் கழித்துக்கொள்ள வேண்டும். சிவப்புப் பட்டையில் 500, அகச்சிவப்பில் 3000 உள்ள வயலுக்குப் பசுமைக் குறியீடு (இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 0.71 வரும். ஆயிரத்தைக் கழிக்க மறந்தால் அதே வயலுக்கு 0.45. ஒரு இலை உதிராமல், 2021-க்கும் 2022-க்கும் நடுவே மாவட்டமே காய்ந்துபோகும்!

வரைகலைப் பிரிவினருக்கு மட்டும் ஒரு வரி. யுடிஎம் மண்டலம் (வரைபடத்துக்காக உலகைத் தீர்க்கரேகை வாரியாகப் பிரித்த பட்டியின் எண்) என்ற குறிப்பைத் தயவுசெய்து பாருங்கள். 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிளக்கிறது. திண்டுக்கல் நகரம் 43-ஆம் மண்டலம், மதுரை 44. மாற்றிப் போட்டால் திண்டுக்கல் வங்கக் கடலில் விழும், மதுரை லட்சத்தீவுப் பக்கம் போய்விடும்.

அப்புறம் ட்ரோன் படங்கள். வெள்ளம் வந்தால் ஊர்ப் பையன்கள் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்கிறீர்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் இடம், நேரம், கேமரா சாய்ந்திருந்த கோணம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் உதிர்த்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும். உயரத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஆர்டிகே என்ற, இடத்தை மிகத் துல்லியமாகக் குறிக்கும் வசதியுள்ள ட்ரோனின் படங்களைக் காட்டி, "அண்ணா, எங்க ஊர் கடலுக்குக் கீழேயா இருக்கு?" என்று கடற்கரை ஊர் மாணவன் ஒருவன் கேட்டான். உயரம் கழித்தல் குறியோடு இருந்தது. அந்த எண் கடல்மட்டத்திலிருந்து அளந்தது அல்ல, பூமிக்கென்று கணிதத்தில் வரைந்துகொண்ட, சற்றுத் தட்டையான உருண்டையின் மேற்பரப்பிலிருந்து அளந்தது. நம் பக்கத்தில் புவியீர்ப்பு சற்றுக் குறைவாக இருப்பதால் கடல்மட்டமே அந்த மேற்பரப்புக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் கீழே கிடக்கிறது. கடல்மட்டம் இப்படி உலகிலேயே மிகத் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, நூறு மீட்டருக்கும் அதிகம். அந்தப் பையனுக்கு இதை விளக்க ஒரு சாயங்காலம் ஆனது. உங்கள் திரையில் 'கடலுக்குக் கீழே மூழ்கிய கிராமம்' என்று ஒருமுறை ஓடிவிட்டால் விளக்க எத்தனை சாயங்காலம் ஆகும்?

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. படத்தின் அடியில் ஒரே ஒரு வரி: எடுத்த தேதி, செயற்கைக்கோளின் பெயர், இயற்கை நிறமா மாற்று நிறமா என்ற குறிப்பு. முன்பு, பின்பு என்று ஜோடி போட்டால் இரண்டுக்கும் தனித்தனித் தேதி. இடம் போதவில்லை என்றால் தலைப்பின் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இந்த மடலோடு எங்கள் ஏரியின் இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு வருடத்து ஜனவரியில், ஏரி நிறைந்திருந்தபோது எடுத்தவை. கலங்கல் பக்கம் தண்ணீரின் விளிம்பு எவ்வளவு உள்ளே தள்ளிப்போயிருக்கிறது என்று பாருங்கள். குறிப்புக் கோப்புகளும் கூடவே உள்ளன. கோப்புகளின் பெயரை நான் மாற்றவில்லை. நீங்களும் மாற்ற வேண்டாம். அடுத்த குறைதீர்ப்பு நாளுக்கு ஊர்க்காரர்கள் மறுபடி போகிறார்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒரு வரைபடக்காரன்