17 கேபிளுக்கு ஒரு நன்றி

ஏற்காட்டில் நடந்த எலிக்சர் நிரல்மொழிப் பட்டறைக்கு வந்தவர்களுக்கும், வராமலே கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை காலை பட்டறை நேரத்தில் நெட் இல்லாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். பட்டறை நடந்துவிட்டது. 26 பேரும் கடைசிவரை இருந்தார்கள், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். இப்போதுதான் மூச்சு வருகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, ஒண்டிக்கடைப் பக்கம் கேபிள் லைன் பார்க்கிற அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நெட் எப்போது வரும் என்று கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டோம். "சாயங்காலம் வரைக்கும் வராதுங்க" என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "வெளி நெட்டே வேணுமா, இல்ல மிஷினும் மிஷினும் பேசிக்கிட்டாப் போதுமா?" என்று கேட்டார்.

போதும்தான். லைவ்புக் (உலாவியில் எலிக்சர் எழுதி ஓட்டிப் பார்க்கும் நோட்டு), எர்லாங் (எலிக்சருக்கு அடித்தளமான மொழி), எலிக்சர் மூன்றின் இன்ஸ்டாலரும் பென் டிரைவில் இருந்தன. லைவ்புக்கில் வெளியே போய் எதையாவது இறக்குவது பெரும்பாலும் முதலில் இருக்கும் செட்டப் கட்டம்தான். அதைக் காலியாக விட்டு, மொழியோடு வரும் நூலகத்தை மட்டும் வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டலாம். ஆனால் பட்டறையின் உயிர்நாடியே பல லேப்டாப்களைச் சேர்த்து ஒரே நிரலை ஓடவிடுவது. அதற்கு லேன், அதாவது வெளி நெட் இல்லாமலே லேப்டாப்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலை, வேண்டும்.

அரை மணியில் பைக்கில் வந்து இறங்கினார். 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச், மீந்துபோன கேட்-5இ கேபிள் சுருள், கேபிளில் முனை பொருத்தும் கிரிம்பிங் டூல், டெஸ்டர், ஒரு பை ஆர்ஜே-45 முனை. 26 லேப்டாப்பில் 9-க்கு லேன் போர்ட்டே இல்லை. அவர்களைப் பக்கத்து லேப்டாப்போடு சேர்த்தோம். ஆக, 17 கேபிள்.

அதில் இரண்டை எங்கள் ஆட்கள் கிரிம்ப் செய்தார்கள். டெஸ்டரில் 8 விளக்கும் வரிசையாக எரிந்தன. சுவிட்சில் செருகினால் லிங்க் வந்து வந்து போனது. அண்ணன் கண்ணாடி போன்ற அந்த முனை வழியாகக் கம்பிகளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பார்க்க அழகாக அடுக்கியிருந்தார்கள். 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டித்தான் உட்காரும். ஜோடி பிரிந்தால் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கியதன் பலன் போய்விடும். சாதா டெஸ்டர் அதைச் சொல்லாது, கம்பி ஓடுகிறதா என்பதை மட்டும்தான் பார்க்கும்.

பிறகு எங்கள் பாடு. ரவுட்டர் இல்லாததால் ஐபி முகவரியைக் கையால் கொடுத்தோம். விண்டோஸ் பவர்ஷெல்லில் எலிக்சர் ஷெல்லை (கட்டளை அடிக்கும் இடம்) iex என்று பெயர் சொல்லித் திறந்தால் வேறு கட்டளை ஓடும். அந்தப் பெயர் அங்கே ஏற்கெனவே இன்னொன்றுக்குச் செல்லப்பெயர். கடைசியில் .bat விகுதி சேர்த்தால் சரியாகும். நோடுகள் (ஒவ்வொரு லேப்டாப்பிலும் பெயர் வைத்து ஓடும் எலிக்சர்) சேராவிட்டால் மூன்றைப் பாருங்கள்: குக்கி என்ற ரகசியச் சொல் இரண்டு பக்கமும் ஒன்றா, நீளப் பெயரும் குட்டிப் பெயரும் கலந்திருக்கிறதா, ஃபயர்வால் 4369-ஆம் போர்ட்டை அடைக்கிறதா. போர்ட்டைத் திறந்தும் சேராவிட்டாலும் ஃபயர்வால்தான். நோடுகள் பேசும் போர்ட் வேறு, அது ஒவ்வொரு முறையும் மாறும்.

எல்லாம் சேர்ந்ததும் அண்ணன் கிளம்பியிருக்கலாம். நின்று பார்த்தார். ஒரு லேப்டாப்பில் ஷெல்லை மூடினோம்; மற்ற திரைகளில் அந்த நோடின் பெயர் உடனே காணாமல் போனது. "இப்பப் பாருங்க" என்று அவரே போய் இன்னொரு லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கினார். பெயர் போகவில்லை. பத்து வினாடி, இருபது வினாடி... ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றது. பெஞ்சில் சாய்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கம்பி அத்துப்போனா எங்களுக்கு மட்டும் உடனே தெரியுதாங்களா? அந்த வூட்டுக்காரங்க போன் பண்ணாத்தான் தெரியும்" என்றார்.

விஷயமே அதுதான். நிரலை மூடும்போது விடைபெறும் தகவல் போகும். கம்பி போனால் எதுவும் போகாது. எர்லாங் அவ்வப்போது எதிர்முனையைத் தட்டிப் பார்க்கிறது. இயல்பான அமைப்பில் அந்தக் கெடு 60 வினாடி. அதனால் 45 முதல் 75 வினாடிக்குள் எப்போதாவதுதான் போனது தெரியும். கெடுவைக் குறைக்கலாம், குறைத்தால் நெட் சற்றே தடுமாறினாலும் உயிரோடு இருக்கும் நோடைச் செத்ததாக எண்ணிவிடும். 1986-இல் எரிக்சன் ஆய்வகத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கிய மொழி எர்லாங். அதன் மேல் ஜோசே வாலிம் கட்டியது எலிக்சர்; 1.0 பதிப்பு 2014-இல் வந்தது. இந்த வரலாற்றுக்கு 22 ஸ்லைடு வைத்திருந்தோம். ஒன்றையும் போடவில்லை. கூலி கொடுத்தபோது அண்ணன் ஆர்ஜே-45 பாக்கெட்டுக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டார்.

மண்டபச் சாவியை யோசிக்காமல் நீட்டியவருக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் பிடித்து வந்தவருக்கும், பனியில் கோரிமேட்டிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த வேன்காரர்களுக்கும், தட்டுவடை செட் கட்டிக் கொடுத்த அக்காவுக்கும், பென் டிரைவ் நகலெடுத்தே விடிய வைத்த மாணவர்களுக்கும் நன்றி.

"எங்க ஜாவாவுல இல்லாதது இதுல என்ன இருக்கு?" என்று விடாமல் மல்லுக்கட்டிய சேலத்து நண்பர்களுக்குத் தனி நன்றி. அந்தக் கேள்விக்குச் "சேலம்" என்ற சொல்லே பதிலானது. ஜாவாவில் நீளம் கேட்டால் 5. துணையெழுத்தையும் புள்ளியையும் தனியாக எண்ணும். எலிக்சரில் 3. திருப்பிப் போடச் சொன்னால் எலிக்சர் "ம்லசே" என்கிறது. ஜாவா, ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளியை முன்னால் போட்டு "மலேச" என்கிறது, பாதி மலேசியா! ஜாவாவிலும் சரியாகச் செய்ய வழி உண்டு, தேடிப் போக வேண்டும். எலிக்சரும் பத்தரைமாற்றுத் தங்கமில்லை, "க்ஷ" என்பதை இரண்டாக எண்ணும். அதையும் கண்டுபிடித்தது நீங்கள்தான்.

அடுத்த பட்டறை சேலத்திலேயே நடந்தாலும் நெட் இருக்காது என்று வைத்துக்கொண்டே வருவோம். சுவிட்ச், 20 கேபிள், யூஎஸ்பி லேன் அடாப்டர் 10, எல்லா பென் டிரைவிலும் ஒரே எர்லாங் பதிப்பு, அதற்கு ஏற்ற எலிக்சர் இன்ஸ்டாலர். கேபிள் பிடுங்குவது முதல் மணி நேரத்திலேயே.

ஒண்டிக்கடை அண்ணா, உங்கள் டெஸ்டர் எங்கள் பையோடு சேலம் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு மேலே கொண்டுவந்து தருகிறோம்.